கண் கூசாத வீடு

என் தம்பியோடு எந்த ஓட்டலுக்கும் நிம்மதியாகப் போய் உட்கார முடியாது. உள்ளே நுழைந்ததும் மற்றவர்கள் என்ன சாப்பிடலாம் என்று பார்ப்பார்கள். இவன் கூரையைப் பார்ப்பான். "அக்கா, அந்த லைட்டைப் பாரேன், மூடியே இல்லாம பல்லைக் காட்டிட்டு நிக்குது" என்பான். அப்புறம் நாற்காலி மாறி உட்காருவான். அங்கேயும் உறுத்தினால் இன்னொரு நாற்காலி. கடைசியில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்க முடியுமா என்று கேட்பான். எனக்கு மானம் போகும்.

"நீ சாப்பிட வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டால் சிரிப்பான்.

விளக்கு பொருத்துவதுதான் அவன் தொழில். கடை, அலுவலகம், பல் மருத்துவமனை என்று எங்கே கூப்பிட்டாலும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவான். எந்த விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், அதன் வெளிச்சம் சுவரில் பட்டு வரவேண்டுமா, நேராக வரவேண்டுமா என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. தெருவில் அவனுக்கு மின்மினி என்று பெயர். வைத்தது நான்தான்.

எல்.இ.டி. வந்தபிறகு வெளிச்சம் மலிந்துவிட்டது, அதனால் அதற்கு மரியாதை போய்விட்டது என்பது அவன் கட்சி. விளக்கின் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. அதை மூடியில்லாமல் கண்ணுக்கு நேராகத் தொங்கவிடுகிறவர்கள் மேல்தான் கோபம். "வெள்ளை வெளேர்னு போட்டாத்தான் பிரகாசம்னு நினைக்கிறாங்க. அதுல நீலம் ஜாஸ்தி. சாயங்காலம் ஏழு மணிக்கு அதுக்குக் கீழ உக்காந்தா உடம்பு உச்சி வெயில்னு நினைச்சுக்கும். அப்புறம் தூக்கம் எங்கேருந்து வரும்?" என்று கேட்பான். கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இப்போதும் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கல்யாணம் கில்யாணம் எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். கீழ்வீடு எனக்கு, மேல்வீடு தம்பிக்கு. அவன் கட்டிக்கொண்டவள் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவள். வாடிக்கையாளர் பழைய சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் கொண்டுவந்து நீட்டினால், அதைப் பார்த்துவிட்டு வெள்ளைப் பெயிண்டில் இது இரண்டு சொட்டு, அது அரைச் சொட்டு என்று விட்டு, அதே நிறத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். மெஷின் இருக்கிறது. ஆனால் மெஷின் சொன்ன பிறகும் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவளும் ஒரு அட்டையில் பூசிக் கொடுத்து, "வாசல்ல போய் பகல் வெளிச்சத்துல பாருங்க. பார்த்துட்டு வந்து சரின்னு சொல்லுங்க" என்பாள். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் வாசலுக்குப் போய்விட்டு வந்தால்தான் டப்பாவை மூடுவாள்.

அவள் கர்ப்பமானபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. கடையில் புதிதாக விளக்கு மாற்றியிருந்தார்கள். மெஷினுக்கு நேர் மேலே வரிசையாகக் குழல் விளக்குகள், ஒன்றுக்கும் மூடி கிடையாது. கீழே அடுக்கிவைத்த டப்பாக்களின் மூடிகள் எல்லாம் பளபளவென்று அதைத் திருப்பி அடிக்கும். நாள் முழுக்க அதற்குள் நின்றுவிட்டு வருகிறவள், மாடிப்படி ஏறும்போதே ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவாள். ஒற்றைத் தலைவலி. மாத்திரை சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

தம்பி ஏணியோடு அந்தக் கடைக்கே போய்விட்டான். நானும் வேனில் ஏணியை ஏற்றிக்கொண்டு போனேன். விளக்குகளுக்குக் கீழே வலைபோல ஒரு தடுப்பு மாட்டி, கூச்சத்தைப் பாதியாகக் குறைத்தான். கடைக்காரர் அதுவரை சரி என்றார். விளக்கையே கொஞ்சம் மஞ்சளாக மாற்றலாமா என்று கேட்டதும் மனுஷன் துள்ளிக் குதித்தார்.

"தம்பி, வெள்ளை லைட்டு இருக்கும்போதே நாளுக்கு ஒரு சண்டை வருது. மஞ்ச லைட்டுல கலரைக் காட்டினா அவ்வளவுதான், ஷட்டரை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான். எல்லாம் ஒரே மாதிரி தெரியும்பா. கிரீமும் வெள்ளையும் ஒண்ணாயிரும்."

தம்பி தலையாட்டினான். இறங்கி வந்து மனைவியிடம், "உன் முதலாளி சொல்றதும் நியாயம்தான்" என்றான். அவளும் "பின்னே?" என்று சிரித்தாள். நான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சொன்னது மூன்று பேர் காதிலும்தான் விழுந்தது.

கடையில் செய்யமுடியாததை எல்லாம் வீட்டில் செய்தான். மேல்வீட்டில் இருந்த ஒவ்வொரு விளக்கையும் கழற்றினான். கூரையோரம் அடித்த மரப்பட்டிக்குப் பின்னால், அலமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் என்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வைத்தான். எங்கே நின்றாலும் வெளிச்சம் தெரியும், விளக்கு தெரியாது. எல்லாம் ஆழ்ந்த மஞ்சள், ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வருகிற மஞ்சள், அவன் பாஷையில் வார்ம். எதிரே புதிதாக வந்த கட்டடத்துக்கு முகப்பெல்லாம் கண்ணாடி, காலை முழுக்க வெயிலை எங்கள் ஜன்னலுக்குத் திருப்பி அனுப்பும். அதற்குத் தடித்த திரை. வைஃபை பெட்டியின் நீலப்பொட்டுக்குக் கறுப்பு டேப். ஃபிரிட்ஜுக்குள் இருந்த விளக்கையும் விடவில்லை. நான் மேலே போனால் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

"ஏன்டா, என் பல்லு வெள்ளையா இருக்கே, அதையும் மூடிக்கவா?" என்று கேட்டேன்.

"உன் பல்லு எப்பவோ வார்ம் கலருக்கு வந்தாச்சுக்கா" என்றான்.

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். உண்மையைச் சொல்லவேண்டும், அந்த வீட்டுக்குள் நுழைந்தால் தோள் தானாக இறங்கும். அவளுக்குத் தலைவலி நின்றது. நன்றாகத் தூங்கினாள். பொண்டாட்டிக்காக ஒருத்தன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறானே என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பையன் பிறந்தான். சுகப்பிரசவம். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரக் கடைசிக்குள் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள். பொடியனை நான்தான் வேனின் முன்சீட்டில் அவள் மடியில் வைத்து, ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஒருத்தனைக் கண்ணாடியை இறக்கித் திட்டவும் செய்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். என்ன நிறம், தங்கமாட்டம் இருக்கானே! அவளுடைய அம்மா பக்கத்தில் அந்த நிறம் உண்டு என்று ஒருத்தர், எங்கள் அப்பா பக்கத்தில் உண்டு என்று நான். அதற்கு ஒரு சின்ன வாக்குவாதம்கூட நடந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நாங்கள் எல்லோருமே தங்கமாகத்தான் இருந்தோம். சுவர் தங்கம், தலையணை உறை தங்கம், என் வெளுத்த சட்டை தங்கம். யாருக்கும் உறைக்கவில்லை.

பொடியன் தூங்கினான். அப்படி ஒரு தூக்கம். மற்ற வீடுகளில் பிள்ளை பெற்றவர்கள் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு திரிவார்கள், இங்கே அவளே போய் எழுப்பினால்தான் உண்டு. எழுப்பினாலும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடியும் கண் மூடிவிடுவான். தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பார்த்தியாக்கா? லைட்டு சரியா இருந்தா குழந்தை எப்படித் தூங்குதுன்னு பார்த்தியா? இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் கத்திட்டிருக்கேன்."

"சரிடா விஞ்ஞானி" என்றேன்.

அவள்தான் ஒருமுறை, "இவ்வளவு தூங்கலாமா?" என்று கேட்டாள். "பசிச்சா எழுந்திருப்பான்மா" என்றான் தம்பி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டிய நாளும் வந்தது. அந்த நடைபாதையில் விளக்கு இருக்கும் லட்சணத்துக்கு, வரிசையில் உட்கார்ந்தால் அவளுக்கு மறுபடியும் தலைவலி வந்துவிடும் என்று அவன் பயந்தான். குழந்தைதான் நன்றாக இருக்கிறானே, அடுத்த வாரம் போவோம் என்று ஃபோனில் தள்ளிவைத்துவிட்டான். என்னிடம் கேட்டபோது, எனக்கும் வேனுக்கு வேலை இருந்தது, சரி என்றேன். அவளும் சரி என்றாள். அவள் குரல் அரைமனதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தேன். தெருமுனையில் பள்ளம் தோண்டி ஏதோ கேபிள் வேலை, கரண்ட் இல்லை. மேலே போனால் கும்மிருட்டு. தம்பி போட்டிருந்த திரை அப்படி, வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கை தெரியாது. அவள் கட்டிலில் உட்கார்ந்து பொடியனை எழுப்பிப் பால் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்கும் மஞ்சள் தாள் ஒட்டிவைத்திருப்பான், சந்தேகமே இல்லை.

"பட்டப்பகல்ல டார்ச்சு எதுக்குடா?" என்று சொல்லிக்கொண்டே திரையை இழுத்துவிட்டேன்.

வெயில் மொத்தமும் உள்ளே வந்தது. நான் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டேன். தம்பி, "அக்கா, அவளுக்குக் கண்ணு கூசும்" என்று சத்தம் போட்டான். அவள் கண்ணை மூடவில்லை. மடியில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, குழந்தையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு விரலால் அதன் நெற்றியை மெல்ல அழுத்தி எடுத்தாள். விரல் பட்ட இடம் மஞ்சளாக இருந்தது. மார்பில் அழுத்தினாள், தொடையில் அழுத்தினாள். கால் கட்டை விரல்வரை மஞ்சள். கண்ணின் இமையை விலக்கினாள். வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை.

"இது நிறம் இல்லக்கா" என்றாள்.

தம்பி கிட்டே வந்தான். "இரும்மா, பதறாதே. நம்ம கண்ணு இத்தனை நாளா வார்ம் லைட்டுக்குப் பழகியிருக்கு. திடீர்னு பகல் வெளிச்சத்துல பார்த்தா கலர் அப்படித்தான் கொஞ்ச நேரம் தெரியும்…"

"கலரைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதீங்க!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. அவள் தன் கையைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தம்பி பார்த்தான். இத்தனை கூச்சலிலும் பொடியன் தூங்கிக்கொண்டே இருந்தான்.

வேனை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. வழியில் ஒருமுறை பொடியன் அழுதான். கீச்சென்று, ஊசி மாதிரி ஒரு அழுகை. குழந்தை அழுவதைக் கேட்டு அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற சமாச்சாரம்தான், நேரத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. இவனுக்கு அது தலைக்கு ஏறும் அளவுக்குப் போயிருந்தது. இத்தனை நாள் நாங்கள் தூக்கம் என்று கொண்டாடியது அதைத்தான்.

"இத்தனை பேர் வீட்டுல இருந்திருக்கீங்க. ஒருத்தர் கண்ணுலயும் படலையா?" என்று டாக்டர் கேட்டார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான்தான் விளக்குகளைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"லைட்டால காமாலை வரலை. அதை மனசுல போட்டுக்காதீங்க. ஆனா லைட்டால அது தெரியாம போச்சு" என்றார்.

போட்டுக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

பொடியனை ஒரு கண்ணாடித் தொட்டிலில் படுக்க வைத்தார்கள். உடம்பில் துணி இல்லை, டயப்பர் மட்டும். கண்ணுக்குக் கட்டு. மேலேயும் கீழேயும் விளக்குகள். நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. அறை முழுக்க, நர்ஸின் கை, சுவர், எங்கள் முகம் எல்லாம் நீலம். அந்த ஒளிதான் தோல் வழியாக உள்ளே போய் மஞ்சளைக் கரைக்கும் என்று நர்ஸ் விளக்கினாள். தம்பி அந்த மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளைக் குனிந்து படித்தான். எந்த நீலம் என்று அதில் எண் போட்டிருந்தது.

"இதேதான்கா" என்றான். "எது வேண்டாம்னு நான் வீடு முழுக்கத் தேடித்தேடிப் பிடுங்கிப் போட்டேனோ, அதேதான்."

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த விளக்கின் கூச்சத்தில் அவளுக்கு ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தள்ளி உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

விளக்கு மட்டும் போதவில்லை. உடம்பிலிருந்த ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார்கள். அந்த மணிநேரங்களைப் பற்றி எழுத என்னால் ஆகாது. உயிர் தப்பியது. டாக்டர் எங்களை உட்காரவைத்து, நிதானமாக, ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். மஞ்சள் மூளைவரை போயிருந்தால் முதலில் அடிவாங்குவது காது. பிழைத்துவிட்டான், கைகால் நன்றாக இருக்கிறது. காது கேட்கிறதா என்று மட்டும் சில மாதம் பார்த்துப் பார்த்துச் சோதிக்கவேண்டும்.

அந்தச் சில மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் பைத்தியமாக இருந்தோம். நான் கதவை அறைந்து சாத்துவேன், பொடியன் திடுக்கிடுகிறானா என்று எட்டிப்பார்ப்பேன். சில சமயம் திடுக்கிடுவான். கேட்டுவிட்டது என்று நான் மாடிக்கும் கீழுக்கும் குதிப்பேன். கதவு அடித்த காற்று முகத்தில் பட்டதால் இருக்கும் என்று அவள் சொல்லுவாள். தம்பி பொடியன் தலைக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டுவான். ஆட்டிக்கொண்டே இருப்பான். அவள் வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கி வைக்கிறவரை ஆட்டுவான்.

வீடு வந்த அன்றைக்கே தம்பி எல்லா விளக்கையும் பிடுங்கப் போனான். ஏணி மேலே ஏறி மரப்பட்டியை உடைக்க ஆரம்பித்தவனை நான்தான் கீழே இழுத்தேன். "விளக்கு என்னடா செய்யும்? இறங்கு" என்றேன். பிறகு திரையை மட்டும் கழற்றிப் போட்டோம். அவன் வேலைக்கும் சரியாகப் போகவில்லை. ஒரு அலுவலகத்தில் விளக்கு மாற்றக் கூப்பிட்டார்கள், எல்லோருக்கும் கண் எரிகிறதாம். "அதை எப்படி இருக்கோ அப்படியே விட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அவள் அவனைக் குற்றம் சொன்னதில்லை, ஒரு வார்த்தைகூட. சொல்லியிருந்தால் தேவலை. என்னிடம் மட்டும் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஒரு சுவத்துக்கு அடிக்கிற பெயிண்டு அக்கா. அதுக்குக்கூட வாசலுக்குப் போய்ப் பாருங்கன்னு ஆளை விரட்டுவேன். என் பிள்ளையை ஒரு தடவை வாசலுக்குத் தூக்கிட்டுப் போகத் தோணலையே எனக்கு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தேன். தம்பியும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ நாள் சொல்லவந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவள் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பார்க்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா?

சோதனை முடிவு வந்தது. காதில் பழுது இல்லை. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் பழுது. சத்தம் போகும், ஆனால் உருவம் இல்லாமல், உடைந்து நொறுங்கிப் போகும். கருவி வைத்துப் பார்க்கலாம், பலன் எவ்வளவு என்று சொல்லமுடியாது. தம்பி கேட்டான், "நான் கூப்பிட்டா அவனுக்குக் கேக்குமா டாக்டர்?" அவர், "நீங்க கூப்பிடுறதை அவன் பார்க்கணும்" என்றார்.

அதற்கப்புறம்தான் அவன் மறுபடியும் ஏணியை எடுத்தான். பேச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற அம்மா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, பேசுகிறவர் முகத்தில் நல்ல வெளிச்சம் விழவேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னலோ விளக்கோ இருக்கக்கூடாது, குழந்தையின் கண்ணும் கூசக்கூடாது என்றார். தம்பி அறை அறையாக மாற்றினான். இந்தத் தடவை தானாக எதையும் செய்யவில்லை. ஒவ்வொரு விளக்கையும் பிடித்துக்கொண்டு மனைவியைக் கேட்டான். "இங்க வெச்சா முகம் சரியா தெரியுதா? நிறம் மாறுதா? பார்த்துச் சொல்லு." அவள் பார்த்துச் சொன்னாள். என்னை நடுக்கூடத்தில் நிறுத்திவைத்து ஆ, ஈ, ஊ என்று வாயசைக்கச் சொன்னார்கள். கழுத்து வலிக்க வலிக்க நின்றேன். இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வெளிச்சம் இதமாக இருக்கிறது என்கிறார்கள். அவன் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அதைச் சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான்.

பொடியன் நடக்க ஆரம்பித்துவிட்டான். காதில் கருவி, வாயில் எந்நேரமும் எச்சில், காலில் சக்கரம். நம் முகத்தை அப்படிப் பார்ப்பான். பேசி முடித்த பிறகும் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான், இன்னும் ஏதாவது வருமா என்று. பகலில் அவனைப்போல் சமர்த்து கிடையாது.

படுக்கப்போகும்போதுதான் பாடு. விளக்கை அணைத்ததும் வீறிட்டு அழுவான். மற்றக் குழந்தைகளுக்கு விளக்கு அணைந்தாலும் அம்மா குரல் இருக்கிறது, அப்பா குரல் இருக்கிறது. இவனுக்கு விளக்கோடு எல்லோரும் போய்விடுகிறோம். விளக்கைப் போட்டால் உடனே நிறுத்துவான், எங்களை ஒவ்வொருவராகத் தேடிப்பார்ப்பான். ஆனால் தூங்கமாட்டான். வெளிச்சத்தில் தூங்கவைத்தால் அரைகுறைத் தூக்கம், மறுநாள் முழுக்கச் சிணுங்கல். குழந்தைக்கு இருட்டு வேண்டும் என்று யாரும் வந்து என் தம்பிக்குச் சொல்லவேண்டியதில்லை. அவனைவிட அது தெரிந்தவன் யார்?

ஒருநாள் அந்தி சாய்ந்த நேரம், அழுகை கேட்டு மேலே போனேன். தம்பி சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான், கை ஸ்விட்சின் மேல். அணைப்பான், பொடியன் அலறுவான், உடனே போடுவான். மறுபடியும் அணைப்பான். அவள் கட்டிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் குரல் உடைந்தது.

"அக்கா, இருட்டுல நான் இங்கதான் இருக்கேன்னு இவனுக்கு எப்படிக்கா சொல்றது?"

எனக்கு என்ன தெரியும்? அவள்தான், "இங்க வாங்க" என்றாள். அவன் போய்ப் பக்கத்தில் படுத்தான். பொடியனின் உள்ளங்கையை எடுத்துத் தம்பியின் தொண்டைக்குழியில் வைத்து, மேலே தன் கையால் மூடிக்கொண்டாள்.

"பேசுங்க" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது பேசுங்க. உங்க தொண்டை அசையறது அவன் கைக்குத் தெரியும். அக்கா, லைட்டை அணைங்க."

அணைத்தேன். பொடியன் வீறிட்டான். அந்த அலறலுக்கு நடுவில் என் தம்பி பேச ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் சத்தமாக. மன்னிச்சுக்கோடா என்றான். அப்பாவை மன்னிச்சுக்கோ, நான் பார்த்திருக்கணும், தள்ளிப்போடாம கூட்டிட்டுப் போயிருக்கணும், உங்கம்மா அப்பவே கேட்டா, நான்தான் காதுல போட்டுக்கலை, மன்னிச்சுக்கோ. நிறுத்தாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அழுகை தேய்ந்து விசும்பலாகி, மெல்ல நின்றது. பொடியனின் மூச்சு சீரானது. தம்பி அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

குழந்தைக்கு அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.